வண்டிமாட்டுக்கு வெட்டிய பாதைகள்

கண்டியில் சைக்கிள் ஓட்டலாம் என்று சொன்னால் சிரிப்பவர்களே அதிகம். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. அவர்கள் கண்ட கண்டி, கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒன்றையொன்று முந்தத் துடிக்கும் பஸ்களும், பேராதனை நெரிசலும், வாவியைச் சுற்றி ஊர்ந்துபோகும் வாகன வரிசையும்தான். நகரம் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடப்பதால் எழும் புகையும் எளிதில் கலைவதில்லை. அந்த வீதிகளில் சைக்கிளோடு இறங்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் பெருவீதியை விட்டுச் சிறிது விலகினால், தேயிலைக்கும் மிளகுக்கும் காட்டுக்கும் இடையே வளைந்து வளைந்து ஏறும் சிறுபாதைகளின் பின்னல் தொடங்கிவிடுகிறது. அந்தப் பாதைகள் சைக்கிளுக்குப் பொருந்துவது தற்செயல் அல்ல. இயற்கையின் கொடையும் அல்ல. அவற்றில் பெரும்பாலானவை பாரம் ஏற்றிய மாட்டு வண்டிக்காகக் கணக்குப் பார்த்து வெட்டப்பட்டவை. மாட்டுக்கு ஒத்துவந்த சரிவு மனிதக் காலுக்கும் ஒத்துவருகிறது. ஆகவே சைக்கிளுக்கென்று இங்கே புதிதாக எதையும் போடத் தேவையில்லை, இருப்பதை அகலப்படுத்தாமல் செப்பனிட்டால் போதும் என்பதே என் வாதம்.

இந்த மலைகளில் பாதையின் அகலம் எப்போதும் அரசியலாகவே இருந்திருக்கிறது. 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், தப்பிப் போய் 1681இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பாதைகள் ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அளவுக்கே ஒடுக்கமானவை. ஊர்வாயில்களில் முள் கதவுகள். காட்டை வெட்டவோ வழியை அகலமாக்கவோ மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் இடம்கொடுப்பதில்லை. ஒடுங்கிய பாதையே கோட்டை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பலமுறை படையெடுத்தும் நிலைகொள்ள முடியாமற் போன இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. போனதும் அவர்கள் செய்த முதல் பெரிய வேலைகளில் ஒன்று வீதி போட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பைக் கொண்டு கொழும்பு வீதி மலையேறியது. அதை வகுத்த பொறியாளர் டோசனின் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. அந்த வீதியில் மாண்ட உழைப்பாளிகளுக்குக் கோபுரம் எதுவும் இல்லை. இராஜகாரியம் ஒழிந்த பிறகும் 1848ஆம் ஆண்டுச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. அதே ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்த வரியும் ஒரு காரணம்.

சைக்கிள்காரருக்கு முக்கியமானவை இந்தப் பெருவீதியின் கிளைகள். கோப்பி பரவிய காலத்தில் மலைச்சரிவில் விளைந்ததைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. 1867இல் ரயில் கண்டியைத் தொடும் வரை அந்தப் பாரத்தைச் சுமந்தவை மாட்டு வண்டிகளே. வண்டிகளுக்கு முன்பு பொதிமாட்டுத் தவளங்கள் செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளிலும் ஏறியிருக்கின்றன. சக்கரம் அப்படி ஏறாது. ஆகவே தோட்டப் பாதையை வகுத்தவர்கள் மலையின் விலாவை ஒட்டியே போனார்கள். ஓடை வந்தால் உள்ளே வளைந்து, முகடு வந்தால் வெளியே வளைந்து, நேராகப் போனால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்துக்கு மூன்று மடங்கு சுற்றிப் போகும் பாதைகள் அப்படித்தான் உருவாயின. அந்தச் சுற்றைப் பொறுக்காமல் தொழிலாளர்கள் தங்கள் குடியிருப்பான லயத்திலிருந்து மலைக்கும் ஸ்டோருக்கும் போகத் தாங்களே ‘குறுக்கு’ வைத்துக்கொண்டார்கள். இன்றும் வண்டிப்பாதை மெதுவாக வளைய, குறுக்குப்பாதை அதைச் செங்குத்தாக வெட்டி வெட்டி ஏறுவதைக் காணலாம். கணக்கு எளிது. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் சரிவில் ஐந்நூறு மீட்டர் உயர்வதற்குப் பத்துக் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பயிற்சி அதிகம் இல்லாதவரும் சிறிய கியரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு அதை முடிக்கலாம். அதே உயரத்தைப் பாதித் தூரத்தில் ஏறச் சொன்னால் பலரும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிப் பிரிந்து கலஹா, தெல்தோட்டை வழியாகப் போகும் பாதை இதற்கு நல்ல சான்று. அதன் உச்சிப்பக்கம் இருக்கிறது லூல்கந்துர. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. இரண்டே ஆண்டில் இலைத்துரு நோய் கோப்பியைப் பற்றிக்கொள்ள, தேயிலை மலையெங்கும் ஏறியது. பயிர் மாறியது, பாதை மாறவில்லை. மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டை நடந்தே கடந்துவந்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு இந்த வளைவுகளின் ஒவ்வொரு கற்கட்டிலும் இருக்கிறது. பாதையோரச் சிறு மாரியம்மன் கோயில்கள் தவிர வேறு எந்தப் பலகையும் அதைச் சொல்வதில்லை. காரில் போகிறவருக்கு இவை வெறும் வளைவுகள். ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு மதகிலும் சரிவு சற்றே தளர்ந்து மூச்சு விட இடம் கொடுப்பது சைக்கிளில் போகிறவரின் தொடைக்குத் தெரியும்.

மேற்கே பிலிமத்தலாவைப் பக்கம் கதை வேறு. கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்ற மூன்று கோயில்களையும் இணைக்கும் பாதைகள் தேயிலைக்கு முந்தியவை. கம்பளை அரசு காலத்தவை என்று சொல்லத்தக்க ஊர்களுக்கிடையே போகின்றன. இங்கே ஏற்றம் குறைவு, வயலும் நிழலும் மாறிமாறி வரும். காடு என்று வெளியூரார் நினைப்பது பெரும்பாலும் கண்டிய வீட்டுத் தோட்டம். பலாவுக்கும் கித்துலுக்கும் கீழே சாதிக்காய், கராம்பு, அதற்கும் கீழே மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி என்று அடுக்கடுக்காக நின்று நிழல் தருவது உழவனின் கைவேலை. கடலாதெனிய விகாரை 1344இல் எழுந்தது; அதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி தென்னிந்தியர் என்பது தூண்களைப் பார்த்தாலே தெரியும். லங்காதிலகப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் வெட்டப்பட்டிருக்கிறது. தமிழ் வாசகர் வேறெதற்கும் இல்லாவிட்டாலும் அதற்காகவாவது அந்த ஏற்றத்தை ஏறலாம்.

கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியாக யுனெஸ்கோ ஏற்ற காடு இது. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதை ஈரமான மேற்குச் சரிவில் பாசியும் மூடுபனியுமாகப் போய், முகட்டைத் தாண்டி இலுக்கும்புர பக்கம் இறங்கும்போது வறண்ட காட்டையும் பிட்டவல பத்தனைப் புல்வெளியையும் காட்டுகிறது. ஒரே காலைப்பொழுதில் இரண்டு காலநிலை. வாகனத்தில் போகிறவருக்கு அது கண்ணாடிக்கு வெளியே நடக்கும். சைக்கிளில் போகிறவருக்குத் தோலில் நடக்கும். ஆனால் வார இறுதியிலும் போயா விடுமுறையிலும் இந்தப் பாதை வான்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் சொந்தம். அமைதி வேண்டுமானால் சாதாரண நாளில், ஜனவரி முடிந்து மார்ச்சுக்குள் போவது நல்லது. அட்டையும் அப்போது குறைவு.

இனி எதிர்வாதங்கள். சைக்கிள் யாழ்ப்பாணத்துச் சங்கதி, மலைநாட்டுக்கு ஆகாது என்பது முதலாவது. தட்டையான நிலத்தில், போர்க்கால எரிபொருள் தடைக்கு நடுவே ஒரு சமூகமே சைக்கிளில் வாழ்ந்ததை மறுக்க முடியாது. மலையகத்தில் அப்படி ஒரு பழக்கம் வளரவில்லை. அதற்குச் சரிவு மட்டும் காரணம் அல்ல. வேலைத்தலமும் லயமும் ஒரே தோட்டத்துக்குள் இருந்தன. நாட்கூலியில் சைக்கிள் வாங்கும் வசதி இருக்கவில்லை. அக்காலச் சைக்கிள்களில் மலைக்கேற்ற கியரும் இல்லை. கியர் இன்று வந்துவிட்டது. 2022இல் எண்ணெய் தீர்ந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீட்டர் என்று கியூஆர் அட்டையில் அளந்து கொடுத்தபோது கண்டியிலும் சைக்கிள்கள் வீதிக்கு வந்தன. வாகனங்கள் ஓய்ந்த அந்த அமைதியை நான் முன்மாதிரியாகக் காட்ட மாட்டேன். அது பஞ்சத்தின் அமைதி. சரிவு மட்டுமே தடை அல்ல என்பதற்கு அது சான்று, அவ்வளவுதான். 2025இல் வாகன இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்த பின் வீதிகள் மறுபடி நிரம்புவதால் சிறுபாதைகளின் பெறுமதி கூடவே செய்கிறது.

ஒடுங்கிய பாதை ஆபத்தானது என்பது இரண்டாவது. இதை நான் ஏற்கவில்லை. அகன்ற நேர்வீதியில் லொறி வேகமெடுக்கும். மலைவளைவில் அதனால் முடியாது. எதிரே வருவது தெரியாததால் ஓட்டுநர் ஹோன் அடித்து, வேகம் குறைத்து, வளைவில் காத்திருந்து போகிறார். காதுக்கு எரிச்சல்தான், ஆனாலும் உயிருக்கு அது நல்லது. நாய்கள் உண்மையான தொல்லை. விக்டோரியா அணைக்கு அப்பால் ரந்தெனிகல பக்கம் யானைகள் அதைவிட உண்மையான தொல்லை. அந்தப் பாதையில் அந்தி வேளையில் சைக்கிள் கூடவே கூடாது.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது. இந்த அமைதி யாருடைய செலவில் கிடைக்கிறது? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடம்கொடுக்கவில்லை; 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை தோட்டப் பாதையைப் பராமரிக்க வேண்டியது கம்பனியா, அரசா என்று ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைக் குண்டும் குழியுமான பாதையில் லொறியில் ஏற்றிப்போன கதைகள் மலையகத்தில் எந்த லயத்திலும் கிடைக்கும். அப்படிப்பட்ட பாதையை ‘அமைதியானது’ என்று வந்து போகிறவர் புகழ்வது அந்த மக்களுக்குக் கோபமூட்டினால் அது சரியான கோபம். ஆனால் அவர்கள் கேட்பது ஆம்புலன்ஸ் குலுங்காமல் வரும் தரை. சுற்றுலா பஸ் இரண்டு எதிரெதிரே கடக்கும் அகலம் அல்ல. தரையும் அகலமும் வெவ்வேறு செலவு, வெவ்வேறு விளைவு. அகலப்படுத்த மலையின் அடியை வெட்ட வேண்டும். அடி வெட்டப்பட்ட சரிவு மழையில் நிற்காது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் உருக்குலைந்த பிறகு இதற்குத் தனியாக ஆதாரம் காட்டத் தேவையில்லை. அவ்வளவு பெரிய மழையை எந்தப் பாதை வேலையும் தடுத்திருக்காது. ஆனால் சரிவைப் பலவீனமாக்கும் வேலையை நாமே கூலி கொடுத்துச் செய்ய வேண்டியதில்லை.

பழைய பாதையைக் காப்பது பெரும்பாலும் நீர் வேலை. மலைப்பக்கக் கான் அடைபட்டால் தண்ணீர் பாதை மேல் ஓடித் தாரை அரிக்கும், பிறகு கீழ்ப்பக்க விளிம்பை இழுத்துக்கொண்டு போகும். கானைத் துப்புரவாக்கி, மதகைத் திறந்து, விழுந்த கற்கட்டைத் திரும்ப அடுக்கி, குழியை மூடினால் அதே அகலத்தில் ஆம்புலன்சும் கொழுந்து லொறியும் சைக்கிளும் போகலாம். சபைகளுக்கு இருந்த சட்டத்தடை இப்போது இல்லை. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் தொடங்கலாம். தென்மேல் பருவமழை மே மாதம் பிடித்துக்கொள்ளும் என்பதால் கான் வேலையை ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டும்.