பேஸ் கிடார் வாங்கினார்... எர்த் வாங்க மறந்தார்!

ஆடி மாத ஞாயிறு இரவு. சேரப்பணஞ்சேரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் அம்மனுக்குக் கூழ் வார்த்து முடித்து, மெல்லிசைக் கச்சேரிக்கு ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. இரண்டு டிராக்டர் டிரெய்லர்களைச் சேர்த்துக் கட்டிய மேடை. பின்னால் தடதடவென்று ஜெனரேட்டர்.

பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டு நின்றவருக்கு வயது முப்பத்திரண்டு. பகலில் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். மாதத்தில் இரண்டு, மூன்று ராத்திரிகள் கச்சேரி. கோரஸ் பாடுவதற்காக அவருக்கும் ஒரு மைக் வைத்திருந்தார்கள். "செக்... மைக் செக்" என்று சொல்ல வாயை அருகில் கொண்டுபோனார். உதடு மைக்கில் பட்டதுதான் தெரியும். 'சுரீர்' என்று ஒரு அடி. இரண்டடி பின்னால் போய் விழுந்தார். ஏதோ டான்ஸ் ஸ்டெப் என்று நினைத்து முன்வரிசைப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நல்லவேளை, பிடி விட்டுப்போனது. எழுந்து உட்கார்ந்தார். கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

அந்த இரவுக்கு முன்னால் நான்கு வருடங்கள், எந்த பேஸ் வாங்குவது, எந்த ஆம்ப் வாங்குவது என்பதைத் தவிர வேறு எதையும் அவர் யோசித்ததில்லை. செல்போனில் பார்க்காத வீடியோ இல்லை. ஓ.டி. பணத்தில் பாதி அதற்கே போனது. "நகைக்கடையில பொண்ணுங்க கூட இவ்ளோ நேரம் பார்க்க மாட்டாங்க" என்று அவர் மனைவி சொல்வதில் நியாயம் இருந்தது.

முதலில் வாங்கியது ஐந்து தந்தி பேஸ். கறுப்பு நிறம், பளபளப்பு, பேட்டரி போட்டால் கூடுதல் சத்தம். நான்கைவிட ஐந்து பெரியது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவரிடம் இல்லை. பேஸின் நான்காவது தந்தியான தடித்த 'ஈ', நொடிக்கு 41 முறை அதிரும். ஐந்தாவதாகச் சேரும் 'பி' தந்தி 31 முறை. அந்த ஆழமான ஒலியை அப்படியே வெளியே தள்ளப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். அவரிடம் இருந்ததோ வீட்டில் பயிற்சி செய்யும் 15 வாட் ஆம்ப். ஐந்தாவது தந்தியைத் தட்டினால் தகரக் கூரையில் மழை பெய்வது மாதிரி ஒரு 'கடகட'. அவ்வளவுதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் அதே போனில், ஹெட்போன் இல்லாமல் ஏதாவது ஒரு இளையராஜா பாட்டைப் போடுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறக்குறைய எழுப்பவே முடியாது. ஆனாலும் பேஸ் கேட்பது போலவே இருக்கும். அடிப்படை ஒலி வராவிட்டாலும் அதன் மடங்குகளான 82, 123 என மேலே உள்ள ஒலிகளை வைத்து, இல்லாத கீழ் ஒலியை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. பிறகு ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். வித்தியாசம் வயிற்றுக்கே தெரியும்.

தமிழ்நாட்டில் பேஸ் கிடாருக்குக் காது பழகியதில் இளையராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பாட்டுக்கு அடியில் வெறுமனே தாளம் தட்டாமல், தனியாக இன்னொரு மெட்டு போலப் பேஸ் ஓடும். அவருக்குப் பல்லாண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். பெயர் தெரியாமலே இவர்களை நாம் ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம்.

ஆனால், ஊர்த் திருவிழா மேடையில் பேஸுக்கு அந்த மரியாதை கிடையாது. நம்மவருக்கு இருந்த உண்மையான கவலை அதுதான். "தம்பி, கீபோர்டுக்காரன் இடது கையிலயே பேஸ் வந்துடுது. உனக்குக் குடுக்குற காசுக்கு இன்னொரு பாட்டுக்காரப் பொண்ணைக் கூப்பிட்டுக்கலாம்" என்று குழு நடத்துகிற அண்ணன் இரண்டு முறை சொல்லிவிட்டார். தப்பாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அதனால் நம்மவர் முடிவு செய்தார்: சத்தத்தைக் கூட்ட வேண்டும். தன்னை யாரும் கேட்காமல் இருக்க முடியாதபடி ஆக்க வேண்டும்.

பிடித்தது வாட் பைத்தியம். 15 வாட்டை விற்று 100 வாட் வாங்கினார். ஏழு மடங்கு சத்தம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது ஏறக்குறைய இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் குறைவு. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட். அதோடு தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது கொஞ்சம் மந்தம். கிடார்காரர் 50 வாட்டில் மேடையை அதிர வைக்கும்போது பேஸ்காரர் பல நூறு வாட் தேடி அலைவது இதனால்தான்.

அடுத்து செகண்ட் ஹேண்டில் ஒரு ராட்சசன் வந்தான். 15 அங்குல ஸ்பீக்கர், தடித்த பலகைப் பெட்டி, மேலே பழைய ஆம்ப். இரண்டு பேர் தூக்க வேண்டும். இப்படித் தூக்கிச் சுமப்பதற்கு உலக அளவில் ஒரு பாரம்பரியமே உண்டு. 1969-ல் அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வு ஆம்பின் தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவைத் தாண்டும். அதை வைத்திருந்தவர்களிடம் லாரியும் ஆட்களும் இருந்தார்கள். நம்மவரிடம் ஒரு பைக். ஒவ்வொரு கச்சேரிக்கும் குட்டியானை வண்டிக்கு வாடகை கொடுத்தது போக, கையில் நின்ற பணம் இடுப்பு வலிக்குத் தைலம் வாங்க ஆனது. சொல்லி வைத்தாற்போல் சவுண்ட் சர்வீஸ் தம்பி வேறு, "அண்ணே, லோ ஜாஸ்தியா அடிக்குது, குறைச்சுக்கங்க" என்பான்.

கிடார் விஷயத்தில் அவருக்குப் புத்தி வந்தது கொஞ்சம் முன்னதாகவே. வந்த வழி, இரைச்சல்.

திருவிழா மேடை என்றால் சீரியல் பல்பு, டிம்மர், டியூப் லைட், ஜெனரேட்டர் எல்லாம் நெருக்கியடித்து இருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் 'ஈ' தந்தியில் மூன்றாவது கட்டையை அழுத்தினால் வரும் 'ஜி' 49 ஹெர்ட்ஸ். இரைச்சலும் ஸ்வரமும் ஒன்றோடொன்று மோதி நொடிக்கு ஒரு முறை 'வா... வா...' என்று அலையடிக்கும். மெதுவான மெலடிப் பாட்டில் அது கேட்டால் பாடகி திரும்பிப் பார்த்து முறைப்பார்.

இதற்குப் பதில் ஐம்பதுகளிலேயே வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். கிடார் வாசிக்கத் தெரியாதவர். 1951-ல் அவர் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்'தான் இந்த வாத்தியம் உலகமெங்கும் பரவக் காரணம். ஆளுயர டபுள் பேஸுக்குப் பதிலாகத் தோளில் மாட்டும் பேஸ். கட்டைகள் பதித்திருப்பதால் ஸ்வரம் துல்லியமாக விழும். பெயருக்கு அதுதான் காரணம். 1957-ல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டில் நுழையும் இரைச்சலை மற்றது எதிராக நின்று அடித்துவிடும். 1960-ல் வந்த 'ஜாஸ் பேஸ்' கழுத்து மெல்லியது, விரலுக்குச் சுகம். ஆனால் அதில் இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் சமமாக வைத்தால்தான் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் மறுபடி கிளம்பும். இன்று கடையில் தொங்கும் பேஸ்களில் மிகப் பல இந்த இரண்டின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

சொந்தப் பேஸை மாற்றத் தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. பால் மெக்கார்ட்னி வயலின் வடிவப் பேஸை 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினார். 1972-ல் அது திருடுபோனது. அரை நூற்றாண்டு கழித்து அவரிடமே திரும்பி வந்த செய்தி 2024-ல் வெளியானது. நடுவில் எத்தனையோ பேஸ் அவர் கைக்கு வந்திருக்கும். ஆனாலும் அந்தப் பழையதைத்தான் தேடினார்கள்.

நம்மவர் ஐந்து தந்தியை விற்றுவிட்டு, நான்கு தந்தியில் பிரிசிஷன் வகையைச் சேர்ந்த சாதாரணப் பேஸ் ஒன்றை இருபதாயிரத்துக்குள் வாங்கினார். இந்த முறை கடையில் கேட்ட கேள்விகளே வேறு. தராசு இருக்கிறதா? அரை மணி நேரம் நின்றபடி வாசித்துப் பார்க்கலாமா? தோளில் மாட்டிக் கையை விட்டால் தலைப்பக்கம் கீழே சாய்கிறதா? நான்கு மணி நேரக் கச்சேரியில் அரைக் கிலோ வித்தியாசம் தோள்பட்டைக்கு நன்றாகத் தெரியும். நிறம் என்ன என்று வீட்டில் மனைவி கேட்டபோது ஒரு நிமிடம் யோசித்தாராம்.

வாங்கிய அன்றே கழுத்தைச் சரிபார்த்தார். கம்பெனியில் இயந்திர இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இருக்கிறதே, அதேபோல ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்தார். தந்தியை முதல் கட்டையிலும் கழுத்தின் கடைசிப் பகுதியிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் தந்திக்கும் கட்டைக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒளி தெரிய வேண்டும். அதிகமென்றால் ஆலன் கீயால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று முறுக்கிவிட்டு, மறுநாள் மறுபடி பார்க்க வேண்டும். சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் மரம் மாறும். விலை குறைந்த பேஸ் ஒன்று நல்ல பேஸாக வாசிப்பது இந்த அரை மணி நேர வேலையில்தான். கடையில் இதைச் செய்து தந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காசு கொடுத்தாலும் தகும்.

இத்தனை நுணுக்கம் பார்த்தவர்தான் அந்த ஆடி இரவில் விழுந்து கிடந்தார்.

மறுநாள் ஆம்பைத் திறந்து பார்த்தார். பழைய ஆம்ப், உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போய்க் கரண்ட் பெட்டிக்குக் கசிந்துகொண்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் அது பூமிக்குப் போயிருக்கும். ஆனால், மேடையில் கொடுத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மூன்றாவது ஒயர் எங்கேயும் இணைக்கப்படவில்லை. பேஸின் தந்திகள் உலோக பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக ஆம்பின் பெட்டியோடு தொடர்பு உள்ளவை. எதிரில் மைக், மிக்ஸர் வழியாக எர்த் ஆனது. இடது கையில் தந்தி, உதட்டில் மைக். நடுவில் இவர்.

1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிடார் கலைஞர் இப்படித்தான், கிடாரோடு நின்றபடி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். வயது 27.

கம்பெனியில் ஒரு மெஷினைத் தொடும் முன் மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டிவிட்டுத்தான் கை வைப்பார். பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் அவரே. அந்த மனிதர் நான்கு வருடமாக, யாரோ கொடுத்த பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு பிளக் சொருகியிருக்கிறார். அடிபட்டதைவிட அதுதான் அவரைக் குடைந்தது. ஒரு வாரம் பேஸைத் தொடவில்லை. மனைவி, "விட்டுடுங்களேன்" என்று ஒரு முறை மட்டும் சொன்னார்.

விடவில்லை. ராட்சசனைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டார். அந்த இடத்துக்கு வந்தது 'கிளாஸ் டி' வகை ஆம்ப் ஒன்று. இரண்டு கிலோ, பைக்குள் அடங்கும். கூடவே சின்ன ஸ்பீக்கர் பெட்டி, தன் காதுக்கு மட்டும். கூட்டத்துக்குப் பேஸைக் கொண்டுபோவது சவுண்ட் சர்வீஸ் ஸ்பீக்கர்களின் வேலை. அதற்கு ஒரு டி.ஐ. பாக்ஸ் போதும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு ஆம்ப் மிச்சம். இன்னொன்றையும் பையில் போட்டுக்கொண்டார்: கம்பெனியில் மாட்டுகிற அதே ஆரஞ்சு நிற இயர் பிளக். எட்டு மணி நேரம் ஆலைச் சத்தம், அப்புறம் நாலு மணி நேரம் பேட் சத்தம் என்றால் காது எத்தனை வருடம் தாங்கும்?

பிறகு, சொந்தமாக ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி செய்தார். தடித்த மூன்று கோர் ஒயர், உள்ளேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கூடவே மல்டிமீட்டர். மேடை ஏறியதும் முதல் வேலை, ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி மண்ணில் அடித்து இணைத்திருக்கிறதா என்று நடந்துபோய்ப் பார்ப்பது. இரண்டாவது, மீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மறு முனையை மைக் வலையிலும் வைப்பது. ஏ.சி. வோல்ட் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டாவிட்டால் யாரும் எதையும் தொடக் கூடாது.

அடுத்த கச்சேரியில் இதற்காகவே இருபது நிமிடம் தாமதம். போதாக்குறைக்கு ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல்.

"அண்ணே, அந்த எர்த் பின்னைப் புடுங்கிட்டா ஹம் போயிடும்ணே. எல்லா இடத்துலயும் அப்படித்தான் பண்றோம்" என்றான் சவுண்ட் தம்பி.

"எல்லா இடத்துலயும் பண்ணாதடா" என்று சொல்லிவிட்டு, டி.ஐ. பாக்ஸில் இருந்த 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைத் தட்டினார். அது ஆடியோ கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும். கரண்டின் எர்த்தைத் தொடாது. இரைச்சல் நின்றது. குழு நடத்தும் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் பேசவில்லை.

தை மாதம் படப்பை பக்கம் ஒரு கச்சேரி. முதல் நாள் ராத்திரி அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, நாளைக்கு அந்தப் பெட்டியை எடுத்துட்டு வந்துடு. மறந்துடாத. கீபோர்டுக்கும் அதுலயே கனெக்‌ஷன் குடுத்துக்கலாம். பாட்டுப் பாடுற பொண்ணு, நீ மீட்டர் வெச்சுப் பார்த்தாத்தான் மைக்கைத் தொடுவேங்குது."

"சரிண்ணே."

"அப்புறம்... பேஸும் எடுத்துட்டு வா."