வெயிலைச் சேமித்தல்

ஞாயிற்றின் ஆற்றலை எடுத்து வைத்துப் பின்னர்த் துய்த்தல் நம் மக்களுக்குப் புதுவது அன்று. பழவேற்காட்டு மகளிர் மீனை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்குகின்றனர். கும்மிடிப்பூண்டியைச் சூழ்ந்த சிற்றூர்களில் நெல்லும் நிலக்கடலையும் களத்திலே காய்கின்றன. சித்திரை வைகாசித் திங்கள்களில் மாடிதோறும் வடகமும் வற்றலும் விரிக்கப்படுகின்றன. கோடையின் வெயிலைக் கார்காலத்திற்கென்று எடுத்து வைத்தலே இச்செயல்களின் உட்பொருள் அன்றோ? ஆகலின், பகல் வெயிலை மின்சாரமாக்கிப் பேட்டரியில் நிறைத்து இரவில் விளக்கேற்றும் முறையும் பழைய வழக்கத்தின் புதிய வடிவமாகவே எமக்குத் தோன்றுகின்றது. எனினும், வற்றல் இடுதற்கு ஒரு பக்குவம் உண்டு. இதற்கும் ஒரு பக்குவம் உண்டு. அஃது யாதென்பதை எம் இல்லத்து அனுபவங்கொண்டு நண்பர்க்கு உரைக்க விழைகின்றோம்.

எம் ஊர் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையின் அயலில் உள்ளது. அங்கே பழைய இரும்பை உருக்கும் உலைகள் பல இரவும் பகலும் எரிகின்றன. அங்கிருந்து சென்னைக்கு இரயிலிற் செல்வோர் பொன்னேரியைக் கடந்து அத்திப்பட்டை நெருங்குங்கால், வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைக் காண்பர். அண்மையில் வல்லூர் அனல்மின் நிலையமும் உளது. அஃது 500 மெகாவாட் திறனுடைய மூன்று அலகுகளைக் கொண்டது. இவை யாவும் எம் திருவள்ளூர் மாவட்டத்தினவே. நாட்டிற்கு மின்சாரம் அளிக்கும் மண்ணில் வாழ்கின்றோம் என்று யாம் பெருமை கொள்வது வழக்கம். ஆயினும், ஊற்றின் அருகே குடியிருப்பினும் குடம் இல்லாதவன் இரவில் நீர் வேட்கையால் வருந்துவான் என்பதைப் புயல்கள் எமக்குக் கற்பித்தன. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையை அடுத்துக் கரை கடந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கரையோரமாக நகர்ந்து சென்னை, திருவள்ளூர்ப் பகுதிகளில் பெருமழையைக் கொட்டி, 5-ஆம் நாள் ஆந்திர நாட்டுப் பாபட்லாவின் அருகே கரை ஏறிற்று. கம்பம் சாய்ந்து கம்பி அறுந்தபின், எத்துணைப் பெரிய மின்நிலையம் அருகில் இருப்பினும் வீட்டில் இருளே நிலவும்.

எம் இல்லத்தில் உள்ளோர் ஐவர். தந்தையார் உருக்காலை ஒன்றில் முறைவேலை பார்ப்பவர். அன்னையார் இல்லத்தைப் புரப்பவர். தங்கை அப்பொழுது பத்தாம் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தாள். ஐந்தாமவர் எம் பாட்டியார். அவரை யாம் ஆயா என்றே அழைப்போம். அவர் நெடுநாளாக இரைப்பு நோயால் வருந்துபவர். மூச்சு முட்டும்போது நெபுலைசர் என்னும் கருவியால் மருந்தை ஆவியாக்கி உட்கொள்வித்தல் வேண்டும். மிக்ஜாம் புயலின்போது எம் தெருவில் மூன்று இரவுகள் மின்சாரம் இல்லை. முழங்கால் அளவு நீர் நின்றது. அந்நாள்களில் எம் தந்தையார் ஆயாவைத் தோளிற் சுமந்து, ஜெனரேட்டர் உள்ள ஒரு மருந்தகத்திற்கு இரவில் இருமுறை நடந்தார். ஆயா குறை கூறும் இயல்பினர் அல்லர். "கரண்டு வந்துச்சா?" என்று மட்டும் இடையிடையே கேட்டுக்கொண்டிருந்தார். நீர் வடிந்தபின், சமையற்கட்டின் ஓட்டைச் செப்பனிடுவதற்கென்று சேர்த்துவந்த சீட்டுப் பணத்தை அன்னையார் எடுத்து வைத்து, "முதலில் கிழவியின் மூச்சுக்கு வழி செய்யுங்கள், ஓடு பின்னர் ஆகட்டும்" என்றார்.

வழி யாது என்று ஆராயத் தலைப்பட்டபோது, ஒரு செய்தி எம்மை வியப்பில் ஆழ்த்திற்று. அடுத்த தெருவில் ஒரு மாடியிற் சோலார் பேனல்கள் வரிசையாக இருந்தன. புயலுக்குப் பிந்திய நாள்களில் வெயில் தோன்றியும், கம்பியில் மின்சாரம் வரும்வரை அவ்வீட்டில் விளக்கு எரியவில்லை, மின்விசிறி சுழலவில்லை. பேனல் பழுதுற்றதோ என வினவினோம். பழுது யாதும் இல்லை என்றும், அதன் அமைப்பே அத்தகையது என்றும் எம் ஊர் மின்வினைஞர் விளக்கினார்.

வீட்டுச் சோலார் அமைப்பு மூவகைப்படும். முதலாவது, மின்வாரியத்தின் கம்பியோடு இணைந்து பேட்டரியின்றி இயங்குவது. பகலில் வீட்டுத் தேவைக்கு மிஞ்சியதை இது கம்பிக்கு அளிக்கும். கொடுத்ததும் கொண்டதும் கணக்கிடப்படும். ஆனால் கம்பியில் மின்சாரம் நின்ற கணமே இதுவும் தானே நின்றுவிடும். நில்லாதாயின், அறுந்த கம்பியைச் சீர்செய்யக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் கையிலே எம் மாடியின் மின்சாரம் பாய்ந்து அவர் உயிரைக் குடிக்கும். ஆகவே இந்நிறுத்தம் குறைபாடன்று. ஓர் உயிரைக் காக்கும் ஏற்பாடாகும். இரண்டாவது, மின்சாரத்தைக் கம்பிக்கு அளியாது, பேனலும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொண்டு வீட்டளவில் நிற்பது. மூன்றாவது, இவ்விரண்டன் இயல்பையும் உடைய கூட்டுவகை. இதன் விலை மிகுதி.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டம் ஒரு கோடி வீடுகளை நோக்கமாகக் கொண்டது. அதன்படி 1 கிலோவாட்டிற்கு ரூ.30,000, 2 கிலோவாட்டிற்கு ரூ.60,000, 3 கிலோவாட்டிற்கும் அதற்கு மேலும் ரூ.78,000 என்று உதவித்தொகை வகுக்கப்பட்டது. இது கம்பியோடு இணைந்த அமைப்புகளுக்கே உரியது. பேட்டரிக்கெனத் தனித்தொகை இல்லை. மின்கட்டணம் மிகுந்த வீடுகளுக்கு இத்திட்டம் பெருநன்மை தருவதாகும். எம் இல்லமோ இரண்டு திங்களுக்கு ஏறத்தாழ 160 யூனிட்டே செலவிடுவது. அதிலும் 100 யூனிட்டு அப்பொழுது தமிழ்நாட்டில் விலையின்றிக் கிடைத்தது. கட்டணத்தில் எமக்கு மிஞ்சுவது சிறிது. எமக்கு வேண்டியது பணமிச்சம் அன்று. மின்சாரம் இல்லாத இரவில் ஒரு கருவி ஓடுதலே. ஆகலின் தந்தையார் இரண்டாம் வகையையே தேர்ந்தார். கூட்டுவகை இன்வெர்ட்டரின் மிகை விலை உதவித்தொகையைப் பெரும்பாலும் விழுங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

இனி, எத்துணை சேமித்தல் வேண்டும் என்பது வினா. விற்பனையாளர் ஒருவர் வீட்டின் அறைகளை எண்ணிப் பார்த்து ஒரு பெரிய தொகையைக் கூறினார். தங்கையோ ஒரு குறிப்பேட்டை எடுத்து, இரவில் இன்றியமையாதவற்றை எழுதலானாள். 9 வாட் விளக்கு நான்கு, 5 மணி நேரம் எரிய 180 வாட்மணி, நெபுலைசர் 120 வாட், கால்மணியாக நான்கு முறை இயங்க 120, கைப்பேசிகளுக்கு 20, பழைய மின்விசிறி இரண்டு, ஒவ்வொன்றும் 75 வாட், 8 மணி நேரம் சுழல 1,200. ஆகமொத்தம் 1,520 வாட்மணி, அஃதாவது ஒன்றரை யூனிட்டு. இப்பட்டியலை நோக்கியபோது உண்மை விளங்கிற்று. மூச்சிற்கு வேண்டுவது 120. காற்றிற்கோ அதனிற் பத்து மடங்கு! 30 வாட்டில் அதே அளவு சுழலும் பிஎல்டிசி மின்விசிறிகள் இரண்டை வாங்கியபின் அச்செலவு 480 ஆகக் குறைந்தது. மொத்தம் 800 ஆயிற்று. பேட்டரியைப் பெருக்குவதினும் தேவையைச் சுருக்குதல் மலிவு என்னும் இவ்வுண்மை, எம் இல்லத்தில் ஒரு பள்ளி மாணவியின் குறிப்பேட்டிலே கண்டெடுக்கப்பட்டது.

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னோட்டம் பிறக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் எட்மண்டு பெக்கரல் 1839-இல் கண்டறிந்தார். அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தார் 1954-இல் சிலிக்கானாற் பயன்தரு மின்தகட்டை உலகிற்குக் காட்டினர். இத்தகடு வேண்டுவது ஒளியையே, வெப்பத்தையன்று. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் இதன் திறன் நூற்றுக்கு அரைப்பங்கிற்குச் சற்றே குறைவாகத் தேய்கின்றது. ஆதலால் அக்கினி நட்சத்திரத்து நண்பகலினும், தை மாசியின் தெளிந்த வானம் இதற்குப் பாங்காதல் உண்டு. தெளிந்த நாளில் 1 கிலோவாட்டுப் பேனல் ஏறத்தாழ 4 யூனிட்டு தரும். எம் மாடியில் 540 வாட்டுப் பேனல் இரண்டு அமைத்தோம். எம் ஊர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகைக்குச் சற்று மிகுந்த தொலைவில் உள்ளமையின், பேனல்கள் தெற்கு நோக்கி அவ்வளவே சாய்ந்து நிற்கின்றன. நீர்த்தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் தொடராக இணைந்த பேனல்கள் இரண்டும் சோர்வுறும். எனவே காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நிழலைச் சுண்ணக்கட்டியாற் குறித்தபின்னரே இடம் தெரிந்தோம். கடற்காற்றின் உப்பிற்குத் துருப்பிடியாதவாறு துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டங்களும், புயலுக்கு அசையாதவாறு தளத்திற் பதித்த திருகாணிகளும், இடியினின்று காக்க நிலத்தில் இறக்கிய கம்பியும் அமைந்தன. தொழிற்பேட்டையின் தூசு படிவதால், வாரம் ஒருமுறை வெயில் ஏறுமுன் நீர் ஊற்றித் துடைத்தல் தங்கையின் பணி.

சேமக்கலமாகிய பேட்டரியில் இருவகை எம்முன் நின்றன. ஒன்று, 1859-இல் காஸ்டன் பிளாந்தே என்பார் கண்ட ஈய அமிலக் கலத்தின் வழிவந்த டியூபுலர் பேட்டரி. மற்றொன்று லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டுப் பேட்டரி. பின்னது எடை குறைந்தது, பல்லாண்டு உழைப்பது, நீர் ஊற்ற வேண்டாதது, கொண்டதிற் பெரும்பகுதியைத் திருப்பித் தருவது. முன்னதோ பாதிக்குமேல் வடியவிட்டால் விரைவிற் கெடுவது. வாலைநீர் ஊற்றிப் பேணவேண்டுவது. எரியும் வாயுவை விடுவதால் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கவேண்டுவது. எனினும் முதல் விலை குறைவு; பழையதைக் கொடுத்தாலும் விலை உண்டு; பழுது நோக்குவோர் எம் ஊரிலேயே உளர். சீட்டுப் பணத்தின் அளவே தீர்ப்பு வழங்கிற்று. 12 வோல்ட்டு, 150 ஆம்பியர்மணி கொண்ட டியூபுலர் பேட்டரிகள் இரண்டு வாங்கினோம். அவை கொள்வது 3,600 வாட்மணி. பாதியை எடுத்து, மாற்றத்தில் நேரும் இழப்பையும் கழித்தால், ஏறத்தாழ 1,500 நமக்கு உதவும். வெயிலே இல்லாத நாள் வரினும், இரண்டு இரவுகளை ஒருவாறு கடத்தலாம் என்பது கணக்கு. மருத்துவக் கருவிக்கு ஊறு நேராதவாறு, சீரான சைன் அலை தரும் இன்வெர்ட்டரையே தெரிந்துகொண்டோம்.

இவ்வமைப்பிற்குச் சோதனை விரைவில் வந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியின் அருகே கரை கடந்தபோது, எம் பகுதியிலும் மழை வலுத்தது. ஓர் இரவும் மறுநாட் பகலும் எம் தெருவில் மின்சாரம் இல்லை. கருமுகில் மூடிய அப்பகலில் பேனல்கள் வழக்கத்தில் நான்கில் ஒரு பங்கும் தரவில்லை. எனினும் சேமித்து வைத்தது கைகொடுத்தது. ஆயாவின் கருவி நான்கு முறையும் இடையூறின்றி இயங்கிற்று; தந்தையார் தோளுக்கு வேலை இல்லை. அயல்வீட்டார் அறுவர் தம் கைப்பேசிகளைக் கொணர்ந்து வைத்தனர். அவற்றிற்கு ஆன செலவு ஒரு மின்விசிறியின் ஓரிரு மணிநேரச் செலவே. ஒருவர் மட்டும் மாவு அரைக்கும் கிரைண்டரை ஓட்ட இயலுமோ என்றார். "அதற்கு என் கணக்கில் இடமில்லை, அத்தை" என்று தங்கை குறிப்பேட்டைக் காட்டினாள். அவரும் நகைத்து, விளக்கின் கீழ் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டு போனார்.

ஈண்டு மறவாமற் கூறவேண்டியது ஒன்று உண்டு. ஈய அமிலப் பேட்டரி நான்கைந்து ஆண்டுகளில் மூப்படையும். அதனுள் இருக்கும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சாகும். அதனை உடைத்துத் திறந்த வெளியில் உருக்குவோரிடம் சிறிது மிகுந்த விலை கிட்டலாம். அப்புகையோ நம் தெருவிற்கே திரும்பி வரும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறைப்படி ஈயத்தை மீட்கும் பொறுப்பை ஆக்குவோர்மேல் வைத்தன. உரிய இடத்தில் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுதல் வாங்குவோராகிய நம் கடமை. ஆலைப்புகை சூழ்ந்த ஊரில் ஒருவர் மூச்சைக் காக்க வாங்கிய பொருள், பிறிதொருவர் மூச்சைக் கெடுக்கும் பொருளாதல் தகாது.

தமிழ்நாடு இத்துறையிற் பின்தங்கிய நாடன்று. இராமநாதபுர மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட்டுச் சூரிய மின்நிலையம் 2016-லேயே இயங்கத் தொடங்கிற்று. பெருநிலையங்கள் நாட்டின் ஆலைகளை ஓட்டட்டும், அவை வேண்டும். ஆயின் கம்பி அறுந்த இரவில் ஒரு முதியவரின் மூச்சிற்கு வேண்டும் 120 வாட்மணியை அவரவர் இல்லமே வைத்திருத்தல் நன்று. நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். நும் வீட்டில் உள்ள கருவிகளின் பின்புறத்தில் வாட் எண்ணிக்கை பொறிக்கப்பட்டிருக்கும். அதனை எழுதி, இரவில் எத்தனை மணி வேண்டும் என்பதையும் அருகிற் குறித்துக் கூட்டுங்கள். எது இன்றியமையாதது, எது நின்றாலும் குற்றமில்லை என்பதை வீட்டார் அனைவரையும் வைத்துக்கொண்டு தீர்மானியுங்கள். பேனலும் பேட்டரியும் வாங்கும் கடைக்குச் செல்வது அதன் பின்னர் ஆகட்டும்.