அந்தப் பட்டியலை எழுதியது நான்தான்!

2022 நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வீட்டுக்குக் கிளம்ப பையை எடுத்துவிட்டேன். எங்கள் நிறுவனர் தன் கண்ணாடி அறையிலிருந்து கை காட்டிக் கூப்பிட்டார்.

``உங்க டீம்ல 11 பேர் இருக்காங்க. இனிமே 7 பேர்தான் முடியும். திங்கட்கிழமை காலைக்குள்ள நாலு பேர் குடுத்துடுங்க. வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம்.''

அவ்வளவுதான். காபி ஆர்டர் செய்கிற மாதிரி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நான் அந்த கம்பெனியில் 2019 ஜனவரியில் சேர்ந்தேன். பெருங்குடியில் ஒரு வீட்டு மாடி. மொத்தமே 14 பேர். மளிகைக் கடைக்காரர்கள் கடன் நோட்டில் எழுதுவதை செல்போனில் எழுத ஓர் ஆப் செய்தோம். கடைக்கார அண்ணாச்சிகள் போன் செய்தால் பேசுகிற வாடிக்கையாளர் சேவைப் பிரிவு என்னுடையது. ``ஏம்மா, நேத்து போட்ட பாக்கியக் காணோமே'' என்று பதறுவார்கள். பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தால், ``நீ நல்லா இருக்கணும் தாயி'' என்பார்கள். அந்த வேலை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

2021-ல் இந்திய ஸ்டார்ட்அப்களுக்கு முதலீடு மழையாகக் கொட்டியது. எங்களுக்கும் கொஞ்சம் நனைந்தது. மாடி வீட்டிலிருந்து ஓ.எம்.ஆர். கட்டடம் ஒன்றின் முழுத் தளத்துக்கு மாறினோம். டேபிள் டென்னிஸ் மேஜை வந்தது. 14 பேர் 160 பேரானோம். மாதக் கடைசியில் எல்லோரையும் கூட்டி, ``இது கம்பெனி இல்ல, ஒரே குடும்பம்'' என்பார் நிறுவனர். நானும் கை தட்டியவள்தான்.

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்த ஆரம்பித்தது. அங்கே வட்டி ஏறினால் பெருங்குடியில் எனக்கென்ன என்றுதான் நினைத்தேன். பாதுகாப்பான கடன் பத்திரத்திலேயே நல்ல வட்டி கிடைக்கும்போது, லாபம் பார்க்காத கம்பெனியில் பணத்தைப் போட யார் வருவார்கள்? முதலீட்டாளர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள்.

அலுவலகத்தில் முதலில் நின்றது முந்திரி பிஸ்கட். அப்புறம் இரவு ஷிஃப்ட்டுக்கு வந்த கேப். அப்புறம், வேலையை விட்டுப் போனவர்கள் இடத்துக்கு ஆள் எடுப்பது. வீட்டில் அரிசி குறைந்தால் அம்மா முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும் இல்லையா? அதுபோல எங்களுக்கும் தெரிந்தது. ஆனால் செப்டம்பர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நேராகவே கேட்டபோது, ``யாரையும் அனுப்புற எண்ணமே இல்ல'' என்றார் நிறுவனர்.

`ரன்வே' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். வங்கியில் இருக்கும் பணத்தை, மாதாமாதம் வரவை மீறி ஆகிற செலவால் வகுத்தால் வருகிற எண். 12 கோடி இருந்து, மாதம் ஒரு கோடி கரைந்தால் 12 மாதம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அந்த ஓர் எண்ணை 160 பேரில் மூன்று பேருக்கு மேல் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் தாங்களாகவே வேறு வேலை தேடியிருப்பார்கள்.

அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எக்ஸெல்லில் 11 பெயர்கள். ஒரு நாளைக்கு எத்தனை போன், எத்தனை புகார் தீர்த்தார்கள், எத்தனை லீவு... எல்லாம் நிரப்பினேன். எண்கள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. எல்லோருமே நல்ல பிள்ளைகள். கடைசியில் யார் புதிதாகச் சேர்ந்தார்களோ, யாருக்குக் கல்யாணம் ஆகவில்லையோ, அவர்களாகப் பார்த்து நாலு பேரை எழுதினேன். இது நியாயமான அளவுகோல் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். ஞாயிறு இரவு 11 மணிக்கு மெயில் அனுப்பிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

அந்த நாலு பேரில் ஒருவன் விருதுநகர் பக்கத்துத் தம்பி. சேர்ந்து ஒன்றரை வருடம். கடைக்காரர்கள் அவன் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

``அக்கா, தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம் முடிவாகியிருக்கு. பர்சனல் லோன் நாலு லட்சம் கேட்டிருந்தேன், சாங்ஷன் ஆயிடுச்சு. இன்னிக்கு ஓகே குடுத்தா நாளைக்கே பணம் வந்துடும். கம்பெனி நெலம எப்படிக்கா இருக்கு? போட்டுக்கவா?''

எனக்குத் தொண்டையில் சோறு அடைத்தது. வெளியில் சொல்லக் கூடாது என்று உத்தரவு. சொன்னால் என் வேலையும் போகும். எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கிறான். எல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

சிரித்தேன். ``பாத்துப் பண்ணுப்பா'' என்றேன்.

அவன் அதை `சரி' என்று எடுத்துக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு 38 பேருக்கு வீடியோ மீட்டிங் அழைப்பு வந்தது. நிறுவனர் பேசினார். பன்னிரண்டு நிமிடத்தில் எட்டு நிமிடம் தான் எவ்வளவு வேதனைப்படுகிறேன் என்று பேசினார். கண் கலங்கினார். பொய்க் கண்ணீர் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதமாக அவரும் சம்பளம் எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் வேலை இழக்கிறவர்கள் முன்னால் அழுது, அவர்களை ஆறுதல் சொல்ல வைப்பது தலைமைக்கு அழகில்லை. கூட்டம் முடிந்த ஐந்தாவது நிமிடம் அவர்களுடைய லேப்டாப்கள் பூட்டிக்கொண்டன. அண்ணாச்சி ஒருவருடன் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் அழைப்பு பாதியிலேயே அறுந்தது.

என் தவறு அதோடு முடியவில்லை. ``நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர்ல நல்லா இருக்கும், அடுத்த வேலைக்குப் பிரச்னை வராது'' என்று ஹெச்.ஆர். எழுதிக் கொடுத்த வாசகத்தை அந்த நாலு பேரிடமும் நான்தான் சொன்னேன். என்னை நம்பி நாலு பேரும் ராஜினாமா அனுப்பினார்கள்.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் 22 வருடம் வேலை பார்த்தவர். நான் பள்ளியில் படிக்கும்போது மில்லை மூடினார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்:

``எங்களுக்கு நோட்டீஸ கேட்டுல ஒட்டுனாங்க கண்ணு. எல்லாரும் ஒண்ணா நின்னு படிச்சோம். ஒண்ணா டீக்கடைக்குப் போனோம், ஒண்ணா கேஸ் போட்டோம். உங்கள ஒவ்வொருத்தரா கூப்புட்டு எழுதி வாங்கியிருக்காங்க. ராஜினாமா குடுத்தா நீயா போனதாத்தான அர்த்தம்? அப்புறம் எதக் கேப்ப?''

அப்போதுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அன்று அமலில் இருந்த தொழிற்தகராறுச் சட்டப்படி, ஒரு வருடம் முழுதாக வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், கூடவே ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம் தர வேண்டும். மேலாளர் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. போனில் பேசி சம்பளம் வாங்கிய என் பிள்ளைகள் கேட்டிருக்கலாம். ராஜினாமா அந்தக் கதவைச் சாத்திவிட்டது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருந்தது. எங்கள் தளத்தில் ஒருவருக்கும் அது தெரியாது.

நாலு மாதம் கழித்து, 2023 மார்ச் கடைசியில், எனக்கும் அதே பத்து நிமிட அழைப்பு வந்தது. ஹெச்.ஆர். பெண் திரையைப் பார்த்து வாசித்தாள். ``நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர்ல...'' அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். மீதியை நானே சொல்லி முடித்தேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நான் ராஜினாமா எழுதவில்லை. ``நீங்க அனுப்புறீங்கன்னு நீங்களே எழுதிக் குடுங்க'' என்றேன். ஒரு வாரம் இழுத்தடித்து, வேலை ஒப்பந்தத்தில் இருந்த இரண்டு மாத நோட்டீஸ் சம்பளத்தைத் தந்தார்கள். கிராஜுவிட்டி இல்லை. ஐந்து வருடம் முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது. `கோடி வரும்' என்று பேசிக்கொண்ட கம்பெனிப் பங்குகள்? வெளியேறிய 90 நாளுக்குள் கைப்பணம் போட்டு வாங்க வேண்டும், அதற்கு வரியும் கட்ட வேண்டும், விற்கவோ சந்தை கிடையாது. விட்டுவிட்டேன். மாமியாரின் கண் புரை அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தோம். வேலையோடு கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் போனது. அந்த மாதம்தான் குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசி இல்லாததன் அருமை புரிந்தது.

ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். மகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் பால் வாங்கப் போவேன். நான் எந்தத் தப்பும் செய்து வேலை போகவில்லை. ஆனாலும் ஏனோ வெட்கமாக இருந்தது. என் கணவர்தான் ஒரு நாள், ``வேலை போச்சுன்னு பத்து பேர்கிட்ட சொன்னாத்தான் பதினொண்ணாவது ஆள் வேலை சொல்லுவான்'' என்றார். அப்படித்தான் கிடைத்தது. கிண்டியில் ஒரு கம்பெனி. சம்பளம் கொஞ்சம் குறைவு.

புது வேலையில் முதல் சம்பளம் வந்த அன்று விருதுநகர் தம்பிக்கு போன் செய்தேன். ஒன்பது மாதம் ஒத்திப்போட்ட போன். தங்கை கல்யாணம் குறித்த தேதியில் நடந்ததாம். கடன் தவணைக்காகக் கொஞ்ச நாள் சென்னையிலேயே சாப்பாடு டெலிவரி வண்டி ஓட்டினானாம். இப்போது மதுரையில் ஒரு கம்பெனியில் இருக்கிறானாம்.

``அந்த லிஸ்ட்ல உன் பேரை எழுதினது நான்தாம்ப்பா. மன்னிச்சிடு'' என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

``தெரியும்க்கா. அதுல எனக்குக் கோபம் இல்ல. யாராவது எழுதித்தான ஆகணும். ஆனா லோன் கேட்டப்ப நீங்க சிரிச்சீங்க பாருங்க... `இப்ப வேணாம்டா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். காரணம் கேட்டிருக்கவே மாட்டேன்க்கா.''

என்னிடம் பதில் இல்லை. நிறுவனர் செப்டம்பரில் 160 பேரிடம் சொன்ன பொய்யை, நான் நவம்பரில் ஒருவனிடம் சொன்னேன். அளவுதான் வித்தியாசம்.

போன வாரம், இப்போதைய டீமில் ஒரு பெண் வந்து கேட்டாள். ``மேம், வண்டி புக் பண்ணலாம்னு இருக்கேன். நம்ம கம்பெனி ஸ்டெடியா இருக்குல்ல?''

எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். எங்களுக்கு எத்தனை வாடிக்கையாளர்கள், யார் விலகப் போவதாகப் பேச்சு, எனக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொன்னேன். ``ஆறு மாசத் தவணைக்குக் காசு கையில இருந்தா எடு. இல்லேன்னா கொஞ்சம் பொறு'' என்றேன்.

வண்டியைத் தள்ளிப்போட்டுவிட்டாள். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. ஆனால் இந்த முறை நான் சிரிக்கவில்லை.