சுவீடன் வாத்தியாரும் சிவகாசித் தீப்பெட்டியும்



"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பொருளாதாரம் எதுக்குடா?" என்று சீனியர்கள் கேலி செய்தாலும் பரவாயில்லை. நம் மலரில் ஒரு சுவீடன் நாட்டுக்காரரை உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். பெயர் பெர்ட்டில் ஓலின். அவருக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒரு தீப்பெட்டி அளவு சம்பந்தம் உண்டு!

தெற்கு சுவீடனில் கிளிப்பான் என்ற சிற்றூரில் 1899-ல் பிறந்தவர் ஓலின். ஸ்டாக்ஹோமில் எலி ஹெக்‌ஷர் என்ற பேராசிரியரிடம் படித்தார். 1919-ல் குரு எழுதிய கட்டுரையில் இருந்த விதையை, சிஷ்யர் மரமாக வளர்த்தார். 1924-ல் டாக்டர் பட்டம். அடுத்த வருஷமே, நம்மில் பலர் வேலை தேடி அலையும் வயதில், கோபன்ஹேகனில் பேராசிரியர்! 1933-ல் அவருடைய பெரிய நூல் வெளியானது. 1944 முதல் 1967 வரை சுவீடனின் லிபரல் கட்சித் தலைவராகவும் இருந்தார். 1977-ல் ஜேம்ஸ் மீடுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்று, 1979-ல் மறைந்தார்.

அவர் சொன்னது இதுதான். நிலம், உழைப்பு, மூலதனம் இவை எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. எது ஓர் ஊரில் ஏராளமோ அது அங்கே மலிவு. அதை அதிகமாகத் தின்னும் பொருளைத்தான் அந்த ஊர் செய்து விற்கும்; மற்றதை வெளியே வாங்கும். நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, ஒரே நாட்டின் வட்டாரங்களுக்குள்ளும் இந்தக் கணக்குத்தான்!

இப்போது தீப்பெட்டிக்கு வருவோம். சுவீடனில் காடு உண்டு, மெஷின் உண்டு, பணம் உண்டு. அங்கிருந்து வந்த தீப்பெட்டிக் கம்பெனி 1923-ல் இந்தியாவில் 'விம்கோ'வைத் தொடங்கியது. சென்னை திருவொற்றியூரில் இன்றும் விம்கோ நகர் என்று ஸ்டேஷன் இருக்கிறதே, அந்த விம்கோதான். ஏறக்குறைய அதே சமயம், கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். நம்ம ஊரோ வானம் பார்த்த கரிசல் பூமி. குச்சிக்கு மரம்கூடக் கேரளத்திலிருந்து வர வேண்டும். ஆனால் மழை பொய்த்த ஊரில் வேலை தேடும் கைகளுக்குப் பஞ்சமில்லை! மெஷின் செய்த வேலையைக் கைகள் செய்தன. அரசின் வரிச்சலுகையும் துணை நின்றது. சுவீடன் மெஷினோடு நம்ம ஊர்க் கைகள் போட்டி போட்டு ஜெயித்தன. ஓலின் கணக்கு அப்படியே பொருந்துகிறது!

இதை ஆனைக்குட்டத்தில் எங்கள் வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். விடியுமுன்னே வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போய் குச்சி அடுக்கியவர். பீஸ் ரேட் கூலி.

"கை மலிவுன்னு எவன்டா எழுதினது? வெரலு தோலு உரிஞ்சது எனக்குல்ல தெரியும்!" என்றார்.

நண்பர்களே, எனக்கு நோபல் பரிசை விட அந்தக் கேள்வி பெரிதாகத் தெரிந்தது. 'உழைப்பு ஏராளம்' என்று புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அந்த ஏராளத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் இருந்தார்களே! 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. கை மலிவாக இருந்தது இயற்கையால் மட்டுமல்ல, பள்ளிக்கூடம் எட்டாததாலும்தான்.

ஓலினும் உழைப்பை ஒரே சரக்காகப் பார்த்தவர் அல்ல. பயிற்சி பெற்றது, பெறாதது என்று பிரித்துப் பேசியவர். 1953-ல் லியான்டீஃப் என்ற அறிஞர் அமெரிக்கக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். மூலதனம் கொழிக்கும் அந்த நாடு, உழைப்பு அதிகம் தேவைப்படும் பொருள்களையே வெளியே விற்றுக் கொண்டிருந்தது! எல்லோரும் திகைத்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட விடைகளில் ஒன்று: அங்கே தொழிலாளியின் பயிற்சியே ஒரு செல்வம். மழையை நாம் பெய்விக்க முடியாது. பயிற்சியைப் பெருக்க முடியும்!

நம் வட்டாரத்தின் கதையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மெஷின் தீப்பெட்டிக்கு 18 சதவீதம். 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்றாக்கினார்கள். கைக்கு இருந்த பாதுகாப்பு போயிற்று. இனி மலிவான கையை நம்பி மட்டும் ஊர் பிழைக்காது.

அப்படியானால் யாரை நம்பிப் பிழைக்கும்? நம்மை நம்பித்தான்! மெஷினை ஓட்டவும் பழுது பார்க்கவும் மெக்கானிக்கல் வேண்டும். பட்டாசு அறைக்குள் நுழைபவரின் உடம்பில் தேங்கிய நிலைமின்சாரத்தைத் தரையில் இறக்கும் எர்த்திங்கைச் சரியாகப் போட எலக்ட்ரிக்கல் வேண்டும். உராய்வும் சூடும் உயிர் குடிக்கும் தொழிலில் மருந்துக் கலவையின் குணம் தெரிந்த கெமிக்கல் வேண்டும். டிப்ளமோவை வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். 'இந்த ஊரில் எது ஏராளம்?' என்று நாளைக்கு ஒரு பொருளாதார வாத்தியார் கேட்டால், 'மலிவான கைகள்' என்று அல்ல, 'தேர்ந்த கைகள்' என்று எழுத வைப்போம்!