ஒற்றைப் பிரதி

மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கடையின் முகப்பில் மூன்று தொழில்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மேலே புதிதாக ஒட்டிய பிளாஸ்டிக் தாளில் 'போன் றிப்பெயர், றீலோட்'. அது கிழிந்த மூலையில் 'சீடி, டீவீடி'. அதற்கும் அடியில், பூச்சு உரிந்த சுவரில், சிவப்பு எழுத்தில் 'றெக்கோர்டிங் பார்'. கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கசெற்றைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்றதும், பிரித்து வைத்திருந்த போனை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப ஏன் தம்பி அதைக் கேக்கிறியள்?"

கோபமில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-32 வீதியால் வந்திருந்தேன். பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று வரும் வழி முழுக்க பஸ்ஸில் பாட்டு ஓடியது. விரல் நகமளவு பென்ட்ரைவ் ஒன்றுக்குள் இளையராஜாவின் பத்து வருட உழைப்பு. ஒரு பாட்டு பாதியில் நின்று அடுத்தது தொடங்கியபோது யாரும் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. இதைச் சொன்னபோது கடைக்காரர் சிரித்தார். "பாதியில பாட்டு வெட்டுப்பட்டா அந்த நேரம் எங்களுக்கு அது மானப் பிரச்சினை" என்றார்.

றெக்கோர்டிங் பார் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கத்தான் வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் எங்கள் பட்டினங்களில் பாட்டு வாங்குவது என்பது பெரும்பாலும் பாட்டைப் பதிவித்து வாங்குவது. விருப்பமான பாட்டுகளைக் கொப்பித் தாளில் எழுதிக் கொடுப்பீர்கள். வெற்றுக் கசெற்றை நீங்களே கொண்டுபோகலாம், ரீ.டீ.கே. என்றால் மவுசு. கடைக்காரர் இசைத்தட்டிலிருந்தும் மூலக் கசெற்றிலிருந்தும் ஒவ்வொரு பாட்டாக ஏற்றித் தருவார். அறுபது நிமிடக் கசெற் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறோ ஏழோ பாட்டு. எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்று மனக்கணக்குப் போட்டு, கடைசிப் பாட்டு முடியவும் நாடா முடியவும் சரியாக வரவேண்டும். மிச்சம் வந்தால் இடையிசைத் துண்டொன்றைப் போட்டு நிரப்புவாராம். சோகப் பாட்டுக்குப் பின்னால் குத்துப்பாட்டு வந்தால் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார் என்பதால், கொப்பித் தாளின் வரிசையையும் தானே மாற்றுவாராம். இந்தத் தெரிவைத்தான் இப்போது கைபேசிச் செயலிகள் கணிதத்தால் செய்கின்றன. கடைக்காரர் முகம் பார்த்துச் செய்தார்.

மன்னார்த் தீவுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் 1914 இல் தொடங்கிய கப்பல் சேவை, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடி, எண்பதுகளில் போர் தொடங்கியதும் நின்றுபோனது. கப்பலில் வந்தவர்களின் பெட்டிகளில் சேலைக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் புதுப்படக் கசெற்றுகளும் இருந்தன. "கொழும்புக்குப் போக முன்னம் எங்களிட்ட வந்திடும்" என்றார். எத்தனை தடவை அப்படி நடந்ததோ தெரியாது. மன்னாரில் நான் கேட்டவர்களில் பாதிப்பேர் அதையே சொன்னார்கள்.

உரிமை என்று பார்த்தால் அந்தப் பதிவுத் தொழில் முழுவதும் களவுதான். பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ அதிலிருந்து ஒரு சதம் போனதில்லை. பிறகு சீடி வந்தது. ஒரு வட்டில் நூறு, நூற்றைம்பது பாட்டு அடக்கும் எம்பி3 வந்தது. மெமரி காட்டில் ஏற்றிக் கொடுக்கும் காலம் சில வருடம் ஓடியது. 2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிஃபை முறைப்படி இலங்கைக்கு வந்தபோது மன்னாரில் யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. யூரியூப் அதற்கு முன்பே கடையைக் காலி செய்துவிட்டது. கடைக்காரர் வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. சினிமாப் பாட்டைப் பொறுத்தமட்டில் எனக்கும் வருத்தமில்லை. அவர் விற்ற பாட்டு ஒவ்வொன்றும் இன்று அதைவிடத் தெளிவாகக் கையிலிருக்கும் போனில் கிடைக்கிறது. மேலைநாடுகளில் இசைத்தட்டு திரும்பி வந்திருக்கிறது; 2022 இல் அமெரிக்காவில் சீடியைவிட இசைத்தட்டு கூடுதலாக விற்றது, 1987 க்குப் பிறகு முதல்தடவை. நல்ல விஷயம். ஆனால் அது காசுள்ளவர்களின் ஆசை. மன்னாருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

மன்னாருக்குத் தொடர்புள்ளது வேறொன்று. இசைத்தட்டிலும் சீடியிலும் கேட்கத்தான் முடியும். 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கசெற் அப்படியில்லை. சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமத்தினால், மீன் வாடியில் இருக்கிறவரும் தன் குரலைப் பிடித்து வைக்கலாம். அப்படிப் பிடித்த குரல்கள் ஒரே ஒரு நாடாவில் மட்டும் இருக்கின்றன. எந்தச் செயலியிலும் அவை இல்லை, இனி வரப்போவதும் இல்லை. கடைக்காரரிடம் இதைச் சொன்னதும், "அப்ப நீங்கள் பேசாலைக்குத்தான் போகவேணும்" என்று ஒரு வீட்டுக்கு வழி சொன்னார்.

பேசாலை தலைமன்னார் வீதியில் இருக்கிறது. வழியில் பனைக்கூடல்களுக்கு மேலாகக் காற்றாலைகள் சுற்றுகின்றன. வீதியின் நடுவில் கழுதைகள் நின்றுகொள்ளும்; பஸ்தான் சுற்றிப் போகவேண்டும். வெற்றி அன்னை ஆலயத்தைத் தாண்டி, கருவாட்டு வாசம் அடிக்கும் ஒழுங்கையில் அந்த வீடு. வீட்டுக்காரர் முன்பு றேடியோத் திருத்துநர். திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கியும் கட்டியவர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'சவுண்ட் ஐயா'. விறாந்தையில் மேசை. அதில் மூன்று பழைய கசெற் டெக். இரண்டு மற்றதற்கு உதிரிப்பாகம் கொடுப்பதற்காகவே வைத்திருப்பவை.

நான் போனபோது கூத்துக் கசெற் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார். மன்னார், மாதோட்டப் பகுதியின் கத்தோலிக்கக் கூத்து சிறியதொரு மரபல்ல. பேராசிரியர் சு. வித்தியானந்தன் இங்கிருந்து கிடைத்த கூத்துகளில் 'எண்டிறீக்கு எம்பரதோர்' நாடகத்தை 1964 இலும், 'மூவிராசாக்கள்' நாடகத்தை 1966 இலும், 'ஞானசவுந்தரி'யை 1967 இலும் பதிப்பித்தார். ஆகவே வரிகள் அச்சில் இருக்கின்றன. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் ஒரு தருவை, அதாவது கூத்துப் பாட்டை, எங்கே இழுத்தார், எங்கே மத்தளத்துக்கு விட்டுக்கொடுத்தார் என்பது அச்சில் இல்லை. வடபாங்கு, தென்பாங்கு என்று இங்கே இரண்டு பாங்கு சொல்வார்கள். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு பாடும் முறையில்தான் இருக்கிறது. காகிதத்தில் அதை எப்படிப் பிடிப்பது?

அவர் கையிலிருந்த கசெற்றின் ஐந்து திருகாணிகளும் உப்புக்காற்றில் துருவேறியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துளி எண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்றினார். திருகாணி இல்லாமல் ஒட்டிய கசெற் என்றால் பிளேட்டை விளிம்பில் வைத்து மெல்லத் தட்டிப் பிளக்க வேண்டுமாம். உள்ளே நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். நாடாவை டெக்கின் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு பசை விட்டு உதிர்ந்து கிடந்தது. "இது விழுந்தா சத்தம் வராது. சனம் நாடா பழுதெண்டு எறிஞ்சு போடுங்கள்" என்றார். பழைய சினிமாக் கசெற் ஒன்றிலிருந்து அந்தத் துண்டை எடுத்து இதில் ஒட்டினார். சுருளைப் புதுக்கூட்டுக்கு மாற்றினார். ஓரிடத்தில் நாடா நசுங்கி மடிந்திருந்தது. அதன் அகலம் நாலு மில்லிமீற்றர்கூட இல்லை. மடிந்த இடத்தைச் சரிவாக வெட்டி, முனைகளைப் பொருத்தி, பின்பக்கத்தில் மெல்லிய ஒட்டுநாடா போட்டார். கடையில் வாங்கும் செலோரேப் கூடவே கூடாது. வெயில் காலத்தில் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு பஞ்சில் ஸ்பிரிற் தொட்டு டெக்கின் தலையைத் துடைத்துவிட்டு ஓடவிட்டார். சத்தம் வந்தது, ஆனால் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல. சின்னத் திருப்புளியால் தலையின் பக்கத்துத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். வேறொரு டெக்கில் வேறொரு சரிவில் பதிந்த நாடா இது. இந்தத் தலையை அந்தச் சரிவுக்குக் கொண்டுவர வேண்டும். அளக்கக் கருவியில்லை. 'ச', 'ஸ' ஒலிகள் எப்போது கூராகின்றன என்று காதைக் கொடுத்தபடி இருந்தார். ஒரு கணத்தில் தாளம் பளிச்சென்று வெளியே வந்தது. பிறகு அண்ணாவியாரின் குரல், அதன் பின்னால் பிள்ளையொன்றின் அழுகை, யாரோ கடலைக்காரன் கூவுவது.

"இது நான் பதிஞ்சது" என்றார். கூத்து இரவு தொடங்கி விடியத்தான் முடியும். தொண்ணூறு நிமிடக் கசெற் போட்டாலும் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் திருப்ப வேண்டும். பாத்திரமொன்றின் வரவு முடிந்து அடுத்தது மேடைக்கு வரும் இடைவெளிக்காகக் காத்திருந்து திருப்புவார். சில இரவுகளில் நித்திரை தூங்கிவிட்டதுண்டு. அந்த இடங்களில் கூத்து இல்லை. இரண்டு வரி, மூன்று வரி. இனி யாராலும் அதை நிரப்ப முடியாது.

அவரிடம் வருபவை கூத்து மட்டுமல்ல. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் படித்த முதியவர்களின் குரல்கள் வருகின்றன. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய அந்த நூலுக்கு ஊருக்கு ஊர் ராகம் வேறு. செத்தவீட்டு ஒப்பாரி வருகிறது. அதிகம் வருவது பேசிய கசெற். வெளிநாடு போன மகனுக்குத் தாய் அரை மணித்தியாலம் பேசி, மறுபக்கத்தில் தங்கச்சி பாட்டுப் பாடி, தபாலில் போட்ட கசெற். எழுத்து வராத தாய்க்கு அதுதான் கடிதம். போன் அழைப்புக்கு வரிசையில் நின்ற காலம் அது. இன்றைய வட்ஸப் குரல்பதிவு அதன் பேரப்பிள்ளை என்றாலும், அதை யாரும் அலுமாரியில் வைப்பதில்லை.

போர்க் காலத்தில் இவற்றைக் கேட்பதே பெரிய பாடு. தீவு இராணுவத்திடம், எதிர்க்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். அந்தப் பக்கத்துக்குப் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்துப் போடுவார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் கையால் சுற்ற டைனமோவில் டெக் ஓடும். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் இழுபடும்.

அதே தீவிலுள்ள எருக்கலம்பிட்டியில் ஒரு பெரியவர் வேறு கதை சொன்னார். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது அவர்கள் புத்தளம் பக்கம் கடலால் போனார்கள். அவருடைய வீட்டில் நாகூர் ஹனிபா கசெற்றுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தனவாம். "ஹனிபா பாட்டெல்லாம் பிறகு வாங்கிட்டோம் வாப்பா. உம்மா என்ட கலியாணத்துல பாடின கசெட்டு ஒண்டு கிடந்திச்சு. அத எங்க வாங்குறது?" இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதை அவர் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார்.

பேசாலையில் சவுண்ட் ஐயாவுக்குத் துணையாகக் கோவில் பாடகர் குழுவிலிருந்து ஓர் இளைஞர் மடிக்கணினியோடு வருகிறார். டெக்கிலிருந்து வயர் போட்டு ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் ஏற்றுகிறார். இருவருக்கும் தீராத ஒரு சண்டை. இளைஞருக்கு இரைச்சல் பிடிக்காது, மென்பொருளால் துடைத்துவிடுவார். "காத்தையும் சனத்தையும் எடுத்துப்போட்டா அது எங்கட கூத்தில்லையடா தம்பி" என்பார் ஐயா. நான் ஐயாவின் பக்கம். துடைத்த பிரதியைக் கேட்பதற்குக் கொடுக்கலாம். துடைக்காத முழுப் பிரதி, அமுக்கி எம்பி3 ஆக்காமல், கட்டாயம் இருக்க வேண்டும். இரைச்சலோடு சேர்ந்து தாளத்தின் மேல் ஒலிகளும் போய்விடுகின்றன. போனது திரும்பாது.

இதில் அவசரம் இருக்கிறது. யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணகங்களின் உலகச் சங்கமும் 2019 இல் காந்த நாடாக்களைப் பற்றி எச்சரிக்கைத் திட்டமொன்றைத் தொடங்கின. 2025 அளவில் ஓட்டும் இயந்திரங்களும் உதிரிப்பாகங்களும் அருகிவிடும் என்பதே அதன் சாரம். அந்த வருடமும் வந்துபோய்விட்டது. பேசாலை விறாந்தையில் அதற்குக் கணக்கு எளிது: மூன்று டெக், அதில் ஓடுவது ஒன்று. தலை தேய்ந்தால் புதுத் தலைக்கு ஐயா எங்கே போவார்? தொண்ணூறு நிமிடக் கசெற்றை ஏற்றத் தொண்ணூறு நிமிடம் வேண்டும். அதை நல்லமுறையில் விரைவுபடுத்த வழியில்லை. கூலியாக அவர் கேட்பது கொடுப்பதை. பலர் ஒன்றும் கொடுப்பதில்லை.

இந்த வேலையை ஒரு முதியவரின் நல்ல மனத்தில் விட்டுவைத்திருப்பது வெட்கக்கேடு. மறைமாவட்டமும் பிரதேச செயலகங்களின் கலாசாரப் பிரிவுகளும் கூத்து விழா நடத்தச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கை இரண்டு நல்ல டெக்குக்கும் ஓர் இளைஞரின் சம்பளத்துக்கும் ஒதுக்கினால் போதும். 2005 முதல் நூலக நிறுவனம் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வருகிறது. அதன் ஆவணகத்தில் ஒலிப்பதிவுகளுக்கும் இடமிருக்கிறது. ஏற்றிய கோப்புகளின் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர்ந்தால் மடிக்கணினி பழுதானாலும் குரல் தப்பும்.

மன்னாரிலோ ரொறொன்ரோவிலோ, உங்கள் அலுமாரியில் கையால் பெயர் எழுதிய கசெற் கிடந்தால் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். பழைய டெக் நாடாவை விழுங்கிவிடும். மேல்விளிம்பிலுள்ள இரண்டு சின்னத் தாவல்களையும் முறித்துவிடுங்கள், தவறியும் அதன்மேல் வேறெதுவும் பதியாது. யார் குரல், எந்த ஊர், எந்த வருடம் என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பிறகு திருத்தத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், அவருக்குரிய கூலியோடு.