நாடா கற்றுத் தந்த ஆங்கிலம்

காஞ்சி என்றால் பட்டு. காஞ்சி என்றால் கோயில். இவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக நம் ஊருக்குக் கல்விப் புகழும் உண்டு. கடம்ப மன்னர் மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன், கல்வி கற்பதற்காகக் காஞ்சியின் கடிகையைத் தேடி வந்தான் என்று கர்நாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நாங்கள் ஆங்கிலத்தைக் கண்டு நடுங்கிய கதையை இம்மலரில் எழுத வந்திருக்கிறோம்.

நாங்கள் நால்வர். 1981-82ஆம் கல்வியாண்டில் இப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம். எங்களோடு ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள். உண்மையில் இது அவளுடைய கதை. பெயரைப் போட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் 'எங்கள் தோழி' என்றே எழுதுகிறோம்.

அந்நாளில் எங்களுக்கு ஆங்கிலம் என்பது மனப்பாடம். கட்டுரையை மனப்பாடம் செய்வோம். கடிதத்தை மனப்பாடம் செய்வோம். ரென் அண்டு மார்ட்டின் இலக்கண விதிகளையும் மனப்பாடம் செய்வோம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொன்னால், கணக்குப் போடுவதுபோல் முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் போட்டு மாற்றிவிடுவோம். ஆனால் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் நான்கு வரி படித்துப் பொருள் சொல்லத் தெரியாது.

அவ்வாண்டு எங்களுக்கு ஆங்கிலம் எடுக்க வந்த சிஸ்டர் ஒரு புதிய வழக்கத்தைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மடத்தில் படித்து முடித்த பழைய 'ஹிந்து' பத்திரிகைகளைக் கட்டாகக் கொண்டுவந்து, ஐந்து பேருக்கு ஒரு தாள் வீதம் பிரித்துக் கொடுப்பார். "பரீட்சைக்கு வராததாகப் பார்த்துப் படியுங்கள்" என்பார். மழை நிலவரம், கிரிக்கெட், மிருகக்காட்சி சாலையில் பிறந்த குட்டி, ரயில் நேர மாற்றம் என எதுவாக இருந்தாலும் சரி.

விதிகள் நான்குதான். முதன்முறை படிக்கும்போது அகராதியைத் தொடக் கூடாது. தெரியாத சொல்லுக்குச் சுற்றியுள்ள சொற்களைக் கொண்டு பொருளை ஊகிக்க வேண்டும். இரண்டாம் முறை படித்த பிறகே அகராதி. ஒரு வாரத்துக்கு மூன்றே சொற்கள், முப்பது கூடாது. அந்தச் சொல்லை அது வந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதி, கீழே நம் வீட்டைப் பற்றிச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

இலக்கணமும் அந்தத் தாளிலிருந்தே வந்தது. பத்திரிகைத் தலைப்புகளில் 'ஏ', 'தி', 'இஸ்', 'வாஸ்' போன்ற சிறு சொற்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விட்டதை நிரப்பி முழு வாக்கியமாக்கச் சொல்வார் சிஸ்டர். தமிழில் 'ஏ'யும் 'தி'யும் கிடையாது. ஆகவே எங்களுக்கு அவை எங்கே வரும், எங்கே வராது என்பது பெரும் புதிர். இருபது தலைப்புகளை நிரப்பிய பிறகு, விதி சொல்லத் தெரியாவிட்டாலும் காது சொல்லத் தொடங்கியது. செயப்பாட்டு வினையைப் போலீஸ் செய்திகளில் கண்டோம். 'மூவர் கைது செய்யப்பட்டனர்' என்னும்போது கைது செய்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை அல்லவா? செய்தவரைவிடச் செய்யப்பட்டது முக்கியமாகும்போது இந்த வினை வேண்டியிருக்கிறது என்பது அன்றுதான் விளங்கியது. அதுவரை அது பரீட்சைக்காக ஏற்பட்டது என்றே எண்ணியிருந்தோம்!

மடத்தில் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' பழைய இதழ்களும் இருந்தன. 1945 முதல் அதில் வந்துகொண்டிருந்த சொல் வளப் பகுதியைச் சிஸ்டர் கரும்பலகையில் எழுதிப் போடுவார். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு பொருள் கொடுத்திருக்கும். சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் எங்களுக்குள் போட்டியும் உண்டு, பொறாமையும் உண்டு.

இனி, நாங்கள் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதி வருகிறது.

எங்கள் தோழி பிள்ளையார்பாளையத்து நெசவாளர் மகள். காலையில் தறியில் உட்கார்ந்துவிட்டுப் பள்ளிக்கு வருவாள். மாலையில் மறுபடியும் தறி. காலாண்டுப் பரீட்சையில் ஆங்கிலத்தில் அவள் எடுத்தது 19. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சத்தமாகப் படிக்கும் முறை அவளுக்கு வந்தது. 'ஐலண்ட்' என்னும் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டி 'இஸ்லாண்டு' என்று படித்தாள். நாங்கள் நால்வரும் வாய்விட்டுச் சிரித்தோம். வகுப்பும் சிரித்தது. அவள் தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை சிஸ்டர் எங்களை அழைத்தார். திட்டவில்லை. "நீங்கள் சிரித்த சிரிப்பை நீங்களே போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

மாலையில் பிள்ளையார்பாளையம் போனோம். வாசலில் அவள் அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே குழித்தறி. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வைத்த சேலை. அவள் அப்பா நடுவில் உட்கார்ந்து நெய்ய, கரைப் பக்கமாக இவள் உட்கார்ந்திருந்தாள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா; கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வர வேண்டும். அதுதான் கோர்வை. அதற்கு இரண்டாவது ஆள் இல்லாமல் முடியாது. அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான்.

"மன்னிச்சிடுடி" என்றோம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், கை நிற்கவில்லை. அவள் அப்பாதான் பேசினார். "நீங்க வந்ததுல சந்தோஷம்மா. ஆனா பத்தொம்பது மார்க் வாங்குற பிள்ளைக்கு எதுக்கும்மா பள்ளிக்கூடம்? கோர்வைக்குக் கூலிக்கு ஆள் வச்சா எனக்கு என்ன மிஞ்சும்?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. சுவரில் அறிஞர் அண்ணாவின் படம் மாட்டியிருந்தது. எங்களில் ஒருத்திக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, "மாமா, அண்ணாவும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைதானே? குடும்பக் கஷ்டத்துல படிப்பை நிறுத்திட்டு நகராட்சியில குமாஸ்தா வேலை பார்த்தாரே, அப்புறம் திரும்பப் போய்ப் படிக்கலையா?" என்று கேட்டுவிட்டாள். 1909-ல் காஞ்சியில் பிறந்து, இங்குள்ள பச்சையப்பன் பள்ளியில் படித்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, 1962-ல் மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் முழங்கி, 1968-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் வரை சென்று வந்தவர் அல்லவா அவர்!

அவர் முகம் மாறிவிட்டது. "மூணு 'பிகாஸ்' சேர்ந்தாப்ல வர்ற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லுங்கன்னு அண்ணாவைக் கேட்டாங்களாம், தெரியுமா?" என்று நம் ஊரில் எல்லாரும் சொல்லும் கதையைத் தொடங்கி, அந்த ஆங்கில வாக்கியத்தை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்தார். வாக்கியத்தின் முடிவில் 'பிகாஸ்' வராது, ஏனென்றால் 'பிகாஸ்' ஓர் இணைப்புச் சொல் என்பது அதன் பொருள். ஆங்கில எழுத்தே அறியாத அந்த மனிதர் அதைச் சொல்லிவிட்டு எங்களைவிட உரக்கச் சிரித்தார். பிறகு, "அரையாண்டு வரைக்கும் பார்ப்போம்" என்றார்.

மறுநாள் சிஸ்டர் அந்த வாக்கியத்தையே பலகையில் எழுதினார். மூன்று 'பிகாஸ்'களில் நடுவில் உள்ளதே இரு பகுதிகளையும் இணைக்கும் வேலை செய்கிறது. மற்ற இரண்டும் பேசப்படும் பொருள்களாக மட்டும் நிற்கின்றன என்று காட்டினார். இணைப்புச் சொல் என்றால் என்ன என்பதை எங்கள் வகுப்பு பிறகு மறந்ததே இல்லை.

நவம்பர் மாதம் வந்தது. 1981 நவம்பர் 12-ஆம் நாள் கொலம்பியா விண்கலம் இரண்டாம் முறையாக விண்ணுக்குச் சென்றது. ஏப்ரலில் ஒருமுறை போய் வந்த அதே கலம். மனிதரைச் சுமந்து பூமியைச் சுற்றிவந்த கலம் ஒன்று மீண்டும் பயன்பட்டது அதுவே முதல் தடவை. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் குழுவுக்குக் கிடைத்தது அந்தச் செய்தி வந்த தாள்தான். அதில் 'ஷட்டில்' என்னும் சொல் திரும்பத் திரும்ப வந்தது. எங்களுக்குத் தெரிந்த ஷட்டில், மைதானத்தில் மட்டையால் அடிக்கும் இறகுப் பந்து ஒன்றுதான். அதற்கும் விண்கலத்துக்கும் என்ன சம்பந்தம்?

அகராதியைப் புரட்டினோம். 'வார்ப்' எனப்படும் இழைகளுக்கு ஊடாக 'வெஃப்ட்' எனப்படும் இழையைக் கொண்டுசெல்லும் கருவி என்று பொருள் இருந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடினால் இரண்டு புதுச் சொற்கள் முளைத்தன. வகுப்பே விழித்தது. அப்போது எங்கள் தோழி மெல்ல எழுந்தாள். அவள் கை, தறியில் போவதுபோல் இடமும் வலமுமாகப் போய் வந்தது.

"நாடா சிஸ்டர். வார்ப்புன்னா பாவு, வெஃப்ட்டுன்னா ஊடை. நாடா இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போகும், மறுபடியும் இங்கேயே வரும். இந்தக் கப்பலும் போயிட்டுத் திரும்பி வருதுல்ல? அதான் அந்தப் பேர் வச்சிருக்காங்க."

சிஸ்டர் ஒன்றும் பேசாமல் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். அவள் பலகையில் தறியை வரைந்தாள். பாவையும் ஊடையையும் நாடாவையும் ஆங்கிலத்தில் எழுதினாள். முப்பத்தெட்டுப் பெண்கள் அவளிடமிருந்து ஆங்கிலச் சொல் எழுதிக்கொண்டோம்.

அன்றுமுதல் அவளுக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்குள் தறி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். சிஸ்டர் மடத்துப் பெரிய அகராதியைத் தந்து உதவினார். பாடம் என்று பொருள்படும் 'டெக்ஸ்ட்', நெய்தல் என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. துணியைக் குறிக்கும் 'டெக்ஸ்டைல்' அதற்கு உடன்பிறப்பு. துப்பு என்று பொருள்படும் 'க்ளூ' முதலில் நூல் உருண்டையைக் குறித்தது. கிரேக்கக் கதையில் தீசியஸ் நூல் உருண்டையைப் பிடித்துக்கொண்டே புதிர்மாளிகையிலிருந்து வெளியே வந்தான். கோடு என்னும் 'லைன்' சணல் நூலிலிருந்து வந்தது. பரம்பரைச் சொத்தாகிய 'ஏர்லூம்' என்பதில் தறியாகிய 'லூம்' இருக்கிறது. 'லூம்' என்றால் ஆதியில் எந்தக் கருவியும் ஆகும். மணமாகாதவளைச் சொல்லும் 'ஸ்பின்ஸ்டர்' நூல் நூற்பவள். எங்கள் பங்குக்கு நாங்களும் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருப்பதைக் கண்டுபிடித்து எழுதினோம். ஆங்கிலம் அந்நிய வீடு என்று வாசலிலேயே நின்ற எங்களுக்கு, உள்ளே நம் வீட்டுச் சாமான்களும் இருப்பது தெரிந்த பிறகு பயம் விட்டுப்போயிற்று.

அரையாண்டில் அவள் எடுத்தது 47. பெரிய மதிப்பெண் இல்லைதான். ஆனால் அவள் அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1983-ல் எங்களோடு பத்தாம் வகுப்பு தேறினாள்.

அதற்குமேல் அவள் படிக்கவில்லை. அப்பாவுக்குக் கண் மங்கியது. தறி அவள் கைக்கு வந்தது. நாங்கள் நால்வரும் கல்லூரிக்குப் போனோம். எங்கள் ஐவரில் சொல்லைத் தேடி அதிகம் அலைந்தவள் போகவில்லை. இதை மறைத்து எழுதினால் இக்கட்டுரை பொய்யாகும். ஆனாலும் அவள் படிப்பதை விடவில்லை. சேலை மடித்து வந்த ஆங்கிலத் தாளையும் படிப்பாள். இன்று வெளியூரிலிருந்து சேலை கேட்டு ஆங்கிலத்தில் வரும் செய்திகளுக்குக் கைப்பேசியில் அவளே பதில் எழுதுகிறாள். இடைத்தரகரிடம் படித்துக் காட்டச் சொல்லி நிற்பதில்லை.

2003 பிப்ரவரி முதல் தேதி அதே கொலம்பியா, திரும்பி வரும் வழியில் சிதறியது. நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட எழுவர் மாண்டனர். அன்றிரவு எங்களில் ஒருத்திக்கு அவள் போன் செய்தாள். நெடுநேரம் பேச்சே இல்லை. "நாடா திரும்பி வரலையேடி" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்புத் தங்கையரே! வாரத்துக்கு மூன்று சொற்கள் என்றால் ஆண்டுக்கு நூற்றைம்பதுக்கு மேல். பத்திரிகையோ, கைப்பேசியோ, பொட்டலத் தாளோ, உங்களுக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றிப் படியுங்கள். சொல்லை வாக்கியத்தோடு எழுதுங்கள். உங்கள் வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள். எவளாவது 'இஸ்லாண்டு' என்று படித்தால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். அந்தச் சொல்லில் 'எஸ்' எழுத்து ஒலிக்காது. எழுதியபடியே படித்தது அவள் குற்றமல்ல.

எங்கள் தோழியின் பேத்தி இவ்வாண்டு இப்பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். சென்ற மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். தறியில் பாட்டி, திண்ணையில் பேத்தி. பேத்தியின் மடியில் ஆங்கிலத் தாள் ஒன்றும் மூன்று சொற்கள் எழுதிய நோட்டு ஒன்றும் இருந்தன. கோர்வைக்குப் பக்கத்தில் கூலிக்கு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.