ஒரு ராத்திரியாவது மலையில் தங்கு

நாமக்கல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆடிப்பெருக்கை ஒட்டி நீயும் உன் கூட்டாளிகளும் பைக்கில் கொல்லிமலைக்கு வரப்போவதாக அம்மா சொன்னார். காலையில் ஏறி, அருவியில் குளித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடும் திட்டமாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. போனில் சொல்லித் தீராது என்றுதான் கடிதம்.

ஒரு ராத்திரியாவது மேலே தங்கு. நான் கேட்பது இவ்வளவுதான்.

காரவள்ளியில் ஆரம்பித்து சோளக்காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். உன் கூட்டாளிகள் முக்கியமாக அதற்குத்தான் வருகிறார்கள் என்று தெரியும். அருமையான பாதைதான். ஆனால் பலாவும் மரவள்ளியும் ஏற்றிய வண்டி அதில்தான் இறங்குகிறது, பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்றிய ஆம்புலன்சும் அதில்தான் இறங்குகிறது. ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடு. இறங்கும்போது சின்ன கியரில் வா. பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போய்விடும். குரங்குக்கு பிஸ்கட் போட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடு. தின்று பழகிய குரங்கு ரோட்டை விட்டுப் போவதில்லை, வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

ஆகாய கங்கையைப் பார்க்காமல் போகச் சொல்ல மாட்டேன். ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் இடம் அது. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேலே படிகள். இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போது தொடை நடுங்கும். தண்ணீர் பெருகிய நாளில் கீழே விடமாட்டார்கள், அப்போது யாரோடும் வாதாடாதே. கோயிலுக்கு முதலில் போய்விடு. ஆற்றில் பிடித்த மீனை அறுத்துச் சமைக்கப் போனபோது, துண்டுகள் ஒன்றுகூடி, மீன் உயிர் பெற்றுத் துள்ளி ஓடியது என்பது தலக்கதை. அங்கே மீனுக்கு இரை போட்டுக் கும்பிடுவார்கள். நீயும் ஒரு கை பொரி போடு.

நீங்கள் வருகிற ஆடி 17, 18 தேதிகளில்தான் வல்வில் ஓரி விழா. ஓரியைக் கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவன் ஆண்ட மலை இது. அவன் விட்ட ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை துளைத்துப் போனதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். சேரனுக்காக மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரன் கையில் கொடுத்தான். நமக்கு அது பாடப்புத்தகத்துச் சேதி. செம்மேட்டில் இருக்கும் ஓரி சிலைக்கு மாலை போட வரும் மலைக்காரர்களுக்கு அவன் தங்கள் ராஜா. விழாக் கூட்டத்தில் நின்று அவர்கள் முகத்தைப் பார்த்தால் உனக்கே புரியும்.

இனி, நான் உன்னைத் தங்கச் சொல்வதற்கான முக்கியமான காரணம். சாலையோரக் கடைகளில் பரோட்டாவும் பிரைடு ரைசும் தின்றுவிட்டு இறங்கினால் மலையைச் சாப்பிட்டதாகவே ஆகாது. வளப்பூர் நாட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி வீடு இருக்கிறது. அங்கே ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து சாமை குத்துவதைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த சாமையை உரலில் போட்டு உலக்கையால் குத்துவார், முறத்தில் அள்ளிப் புடைப்பார், உமி பறக்கும், மறுபடி உரலுக்குப் போகும். இப்படிப் பல சுற்று. பிறகு தண்ணீரில் கல் அரித்து, அதன் பிறகே உலை. அன்றைக்குச் சாமைச் சோற்றில் அவரைக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். சோறு உதிரி உதிரியாக, லேசான புல் வாசத்தோடு இருந்தது.

அந்த உலக்கைக் கஷ்டத்தினால்தான் சாமை குறைந்துபோனது, தம்பி. ரேஷன் அரிசி வந்தது. சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போட்டால் கையில் காசு நின்றது. குத்திக் குத்திக் கை காய்த்த பெண்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை என்று எத்தனையோ ரகங்கள் இந்த மலையில் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே விதைகளைச் சேர்த்து வைக்கவும், உமி நீக்கும் சின்ன மெஷின்களை ஊருக்குள் கொண்டுவரவும் உழைத்திருக்கிறது. ஆனாலும் வாங்குகிறவன் இருந்தால்தான் விதைக்கிறவன் இருப்பான். நீங்கள் பெட்ரோலுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கைச் சாமைக்கும் மிளகுக்கும் கொடுங்கள். பேரம் பேசாதே.

மறுநாள் காலையில் வெயிலேறும் முன்பே நடந்து போ. சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடி, பள்ளத்தில் நெல் வயல் என்று பாதை போகும். நடுவில் கோயில் காடு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போ, சருகைக்கூட எடுத்து வராதே. சாமி சொத்து என்று ஊரே விட்டுவைத்ததால் நின்ற மரங்கள் அவை. அங்கே பாட்டுப் போட வேண்டாம். எட்டுக்கை அம்மன் கோயிலுக்கும் போய் வா. சங்கப் பாட்டில் வரும் கொல்லிப்பாவை அவள்தான் என்று மலையில் சொல்வார்கள்.

பாட்டில், பிளாஸ்டிக் எதுவும் மேலே விட்டு வராதே. காடு என்று நாம் சொல்லும் இடத்தில் மாடு மேய்கிறது, பிள்ளைகள் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

தங்குவது உறுதி என்றால் எத்தனை பேர், என்றைக்கு என்று உடனே சொல். பாட்டி வீட்டில் சாமை குத்தி வைக்க இரண்டு நாள் முன்னாலேயே சொல்லியாக வேண்டும்.

அன்புடன்,
அக்கா